சம்படத்தில் கலந்த மாத்திரைகள்

அசையக் கூடாது என்று யாராவது சொன்னால் அடுத்த நொடியே எனக்கு மூக்கு அரிக்கும். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுக்கும்போதும் இதே கதைதான். ஒன்பது வருஷப் போட்டோவிலும் விலங்கியல் டீச்சர் பிரம்மசக்தியாகிய நான் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நிற்பேன். இப்போது சுளித்தால்கூடத் தப்பு. மூக்குக்கு மேலே நாலு விரற்கடையில் ஸ்கேன் குழாயின் கூரை, இரண்டு பக்கமும் தோள் உரசுகிறது, வயிற்றின் மேல் எதையோ வைத்து பெல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஈரலில் கொழுப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இந்த மெஷின் எட்டிப் பார்க்கப் போகிறது. நாற்பது நிமிஷம் ஆகும் மேடம், அசைஞ்சீங்கன்னா முதல்லேருந்து எடுக்கணும் என்று டெக்னீஷியன் சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டார். உள்ளே வரும்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. பதினோரு மணிக்கு மூணாவது மாடியில் ராணியக்காவுக்கு வெள்ளை டிரிப் மாட்டப் போகிறார்கள். மாட்டினால் அவள் செத்தாலும் சாவாள். இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் வந்து படுத்துக்கொண்டேன். நல்ல பிறவி நான். மூச்சை இழுங்க, அடக்குங்க என்று பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் சொல்கிறது. அடக்குகிறேன். டக் டக் டக் என்று எங்கேயோ அடிக்கிறது. மூச்சு விடலாம் என்கிறாள். விடுகிறேன்.

கால் மணி நேரத்துக்கு முன்னால்வரை எனக்கு ஒன்றும் தெரியாது, நிம்மதியாக இருந்தேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அபிநயா போனில் பேசினாள். இந்த மருந்துச் சோதனைக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டு, இரத்தம் எடுத்து, மாத்திரை டப்பா கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்குகிற பெண் அவள். "ஆமா டாக்டர், கவரைப் பிரிச்சிப் பாத்தாச்சு. சகாயராணிக்கு வெறும் மாவு மாத்திரைதான். நம்ம மருந்து அவங்க உடம்புல இல்ல. மஞ்சள் அட்டையில இருக்கிற தடை அவங்களுக்குப் பொருந்தாது, வெள்ளை டிரிப் தாராளமா ஏத்தலாம். பதினொரு மணிக்கா? சரி டாக்டர்." நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மாவு மாத்திரை என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும், ஆபத்து என்றால்தான் பிரிப்பார்கள். அப்போதே எழுந்து, அம்மா அபிநயா, அது வெறும் மாவு இல்லை, நாங்கள் இரண்டு பேரும் மாத்திரையைக் கலந்து பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் டெக்னீஷியன் என் பெயரைக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டதால்தான் சொல்ல முடியவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு உள்ளே நடந்தேன். முதலில் ஸ்கேன் முடியட்டும், முடிவு பதிவாகட்டும், பிறகு சொல்லலாம், பதினொன்றுக்கு முன்னால் வந்துவிடலாம். நாற்பது நிமிஷம் என்றால் சரியாகப் பதினொன்று. கணக்கு தெரியாதவளா நான்? மூச்சை இழுங்க. அடக்குங்க. முதல் நாளே டாக்டர் வைகுண்டம் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார். சாப்பிட்டதில் மிஞ்சுகிற சோற்றையும் சர்க்கரையையும் ஈரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும், அப்படி மாற்றுகிற வேலையைச் செய்வது ஒரு நொதி, இந்த மாத்திரை அந்த நொதியைச் செயல்படவிடாமல் அடைத்துவிடும், ஈரலில் கொழுப்பு வடியும். நான் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்துகிற பாடம்தான், தலையை ஆட்டினேன். ஆனால் ஒரு சிக்கல் இருக்கு என்றார். புதுக் கொழுப்பு வரவில்லை என்றதும் ஈரல் பதறிப்போய் இருக்கிற கொழுப்பை எடுத்து இரத்தத்தில் கொட்டும். ஈரல் சுத்தமாகும், இரத்தம் கொழுத்துப்போகும், சிலருக்குக் கணையம் வீங்கும். அதனால்தான் மஞ்சள் அட்டை. இதை வைத்திருப்பவருக்குக் கொழுப்பு கலந்த வெள்ளை டிரிப் ஏற்றக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்தது. ராணியக்காவின் பர்ஸில் அந்த அட்டை மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதைத்தான் இன்று காலையில் ரத்து செய்துவிட்டார்கள். மூச்சு விடலாம்.

அப்பா குடிக்கவே மாட்டார். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்ப மாட்டார்கள். பஸ் கண்டக்டர், கண்டக்டர் என்றால் குடிப்பார் என்று ஊர் முடிவு செய்து வைத்திருந்தது. அவருக்குப் பிடித்தது டிப்போ வாசலில் விற்கிற பால்கோவாவும் ரெண்டு பரோட்டாவும்தான். ஐம்பத்து மூணு வயதில் வயிறு தண்ணீரால் உப்பி, கண் மஞ்சளாகி, கால் இரண்டும் மினுமினுவென்று வீங்கிப் படுத்தார். எத்தனை வருஷமா குடிக்கிறாரு என்று டாக்டர் கேட்டார். அம்மா, தொட்டதே இல்லை சார் என்றாள். டாக்டர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் மறக்கவில்லை. அப்பா போன பதினாறாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்துப் படைத்தோம். எங்கள் பெரியப்பா மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, தம்பிக்கு இது இல்லாம எப்படி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா எழுந்து உள்ளே போனாள். அவர் தொட்டதே இல்லை பெரியப்பா என்று நான் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு அப்போதே நன்றாக வந்தது. போன வருஷம் என் ஈரலைப் பார்த்த டாக்டர் வைகுண்டம், உங்க வீட்டுல யாருக்காவது ஈரல் கெட்டிப்பட்டுப் போச்சா என்று கேட்டபோது எனக்கு அந்தப் பாட்டில்தான் ஞாபகம் வந்தது. கொழுப்பு சேர்ந்து சேர்ந்து ஈரல் வீங்கி, பிறகு தழும்பாகி, பிறகு கல் மாதிரி ஆகும், குடிக்கணும்னு அவசியமில்லை டீச்சர், உங்களுக்கு இன்னும் தழும்பு அதிகம் விழலை, இப்ப பிடிச்சா உண்டு என்றார். நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தேன். நடந்தேன், ராகி தின்றேன், வெறும் வயிற்றில் எதையெதையோ குடித்தேன், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பூரி என்று கூப்பிடுவது கேட்டும் கேட்காத மாதிரி போனேன். ஒன்றும் நகரவில்லை. இந்த மாத்திரை வந்த பிறகுதான் பதினேழு கிலோ போனது. அதை விட்டால் எனக்குக் கிடையாது, இது எந்தக் கடையிலும் விற்பதில்லை, சோதனையில் இருப்பவருக்கு மட்டும்தான். விதியை மீறினேன் என்று தெரிந்தால் இன்றே டப்பாவைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கும் கால் மினுமினுவென்று வீங்கும். படைக்கிற அன்றைக்கு எனக்கு என்ன வைப்பார்கள்? சீ, என்ன நினைப்பு இது, மேலே ஒருத்தி கிடக்கிறாள். மூச்சை இழுங்க என்கிறாள். இழுத்தேனா? தெரியவில்லை. எத்தனையாவது தடவை இது? பதினொன்றா, பன்னிரண்டா?

சகாயராணி வீட்டுக்குப் பக்கத்திலேயே இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள். இரண்டாவது மாதம் இரத்தம் கொடுக்க வந்தபோது வரிசையில் என் பின்னால் நின்று, டீச்சரா நீங்க, பார்த்தாலே தெரியுது, வரிசையில கூட நேரா நிக்கீங்க என்று பேச்சைத் தொடங்கியவள். என்னைவிட நாலு வயது மூத்தவள், நான் ராணியக்கா என்பேன், அவள் கடைசிவரை டீச்சர், நீங்க, வாங்கதான். கடைசிவரை என்று ஏன் நினைக்கிறேன்? இன்னும் முடியவில்லை. மூணாவது மாதம் எனக்கு எட்டு கிலோ குறைந்திருந்தது, அவளுக்கு அரைக் கிலோ ஏறியிருந்தது. கேன்டீனில் உட்கார்ந்து அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நறுக்கென்று கடித்தாள். நாக்கில் வைத்துக்கொண்டே யோசித்தாள். பிறகு என்னுடையதில் ஒன்றை வாங்கிக் கடித்தாள், முகம் கோணிப்போனது. "டீச்சர், உங்களுது வேப்பங்காயா கசக்கு. என்னுது மாவு. பச்சரிசியா சோளமான்னுகூடச் சொல்லுதேன், இருங்க. இருபது வருஷமா மாவு விக்கிறவளுக்கே மாவைக் குடுத்து ஏமாத்துதானுவ பாருங்க!" என்று சொல்லிச் சிரித்தாள். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. சிரித்து முடிந்ததும் அழுதாள். கல்யாணத்துக்குப் போனா நாற்காலி பாத்து உக்கார வேண்டியிருக்கு, மூணு மாசமா நேரம் தவறாம மாவை முழுங்கியிருக்கேன் டீச்சர் என்றாள். அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவள் கேட்கக்கூட இல்லை. நான்தான் சொன்னேன், பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் அக்கா என்று. ஒன்பதாம் வகுப்பில் வருஷத்துக்கு நாலு பிரிவுக்கு நடத்துகிறேன், சோதனைத் தொட்டி ஒன்று, ஒப்பிடும் தொட்டி ஒன்று, இரண்டையும் கலந்தால் சோதனையே பாழ் என்று. அவள் பையிலிருந்து எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள். அதிலிருந்த முறுக்கை ஆளுக்கு ரெண்டாகத் தின்று தீர்த்தோம். இரண்டு டப்பாவையும் அதில் கொட்டி மூடிக் குலுக்கினாள். உளுந்தும் அரிசியும் கலக்கிற கை, நன்றாகவே கலந்தது. எண்ணிப் பங்கு போட்டோம். அபிநயா எண்ணும்போது இரண்டு பேர் கணக்கும் ஒவ்வொரு மாதமும் சரியாக இருந்தது. எந்த நாள் மருந்து, எந்த நாள் மாவு என்று எங்களுக்கே தெரியாது. அடுத்த மாதம் அவள் விரலைக் காட்டி, மோதிரம் கழலுது டீச்சர் என்றாளே, அந்த முகம். அது என் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு எடுத்தபோதுகூட நான் பார்க்காத முகம்.

அவள் உடம்பு வேறு, என் உடம்பு வேறு, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவளுக்குச் சர்க்கரை உண்டு, இரத்தத்தில் கொழுப்பு முன்பே கூடுதல். ஈஸ்டருக்கு நாற்பது நாள் சைவம் இருந்துவிட்டு அன்றைக்கு மட்டன் பிரியாணி சாப்பிட்டிருக்கிறாள், மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருக்கிறாள். கணையம் வீங்கியிருக்கு, பித்தப்பையில் கல்லும் தெரியுது, அப்ப கல்தான் காரணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். இரத்தத்தில் கொழுப்பு எகிறியிருந்ததாம், பிரியாணி என்றார்கள். பட்டினியில் அது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதனால் தெம்புக்கு வெள்ளை டிரிப். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கிறது, நடுவில் என் பொய் ஒன்று மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அவள் ஈரல் ஏற்கெனவே இரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது, மேலே இருந்து இவர்களும் ஊற்றப் போகிறார்கள். ஒருவேளை ஒன்றும் ஆகாதோ? பாதி மாத்திரைதானே. மூணு நாளாக அதுவும் சாப்பிடவில்லையே, உடம்பை விட்டுப் போயிருக்குமோ? ஒரு வாரம் தங்கும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது, நானே வாசித்திருக்கிறேன். வேறு யாராவது தடுத்துவிட மாட்டார்களா? டாக்டர் வைகுண்டத்துக்குச் சந்தேகம் வராதா? ஏன் வரும், கவரில் மாவு என்று இருக்கிறதே. டக் டக் டக். ஸ்கேன் முடிந்ததும் சொல்கிறேன், சத்தியமாகச் சொல்கிறேன். இந்த ஒரு படம் மட்டும் எனக்கு வேண்டும். ஈரலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், பிறகு மருந்து போனாலும் போகட்டும். பொய். பொய் சொல்கிறேன். குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் அதிகம் வேண்டும் என்றுதான் தோன்றும், அப்போது வாய் இன்னும் இறுகும். இப்போது மணி என்ன? இங்கே படுத்தால் நேரம் தெரிவதில்லை. இருபது நிமிஷம் ஆகியிருக்குமா, முப்பதா? மாட்டிவிட்டார்களோ? பாட்டிலில் பால் மாதிரி வெள்ளையாக, சொட்டு சொட்டாக. அடக்குங்க. அடக்கவில்லை. என்னால் அடக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா மாதிரி சாகப் பயமாக இருக்கிறது, அவளைக் கொன்றுவிட்டு உயிரோடு இருக்கவும் பயமாக இருக்கிறது, இரண்டு பயமும் ஒரே வயிற்றில்தான் கிடக்கிறது. எது பெரியது என்று நாற்பது நிமிஷம் எடை போட்டுக்கொண்டிருந்தால் பதினோரு மணி தானாக வந்துவிடும், அப்புறம் நான் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அதற்காகத்தானே வந்து படுத்தேன்! சண்டாளி, அதற்காகத்தானே!

வலது கைக்குள் ஒரு ரப்பர் பந்து இருக்கிறது. ரொம்ப முடியலன்னா அமுக்குங்க என்று கொடுத்தது. அமுக்குகிறேன். மறுபடியும் அமுக்குகிறேன். சத்தம் நிற்கிறது. "மேடம், கடைசிப் படம், ரெண்டே நிமிஷம் பொறுத்துக்கிடுங்க" என்கிறார் டெக்னீஷியன். "என்னை வெளிய எடுங்க" என்று கத்துகிறேன். "இப்ப எடுத்தா முழுசும் வீணாயிடும் மேடம்." "வீணாப் போகட்டும், எடுங்கய்யா!" இந்தக் குரலை வகுப்பில்கூட நான் எடுத்ததில்லை. பலகை வெளியே நகர்கிறது. கடிகாரத்தில் பத்து ஐம்பத்தெட்டு. அபிநயாவின் நாற்காலி காலி, டீ குடிக்கப் போயிருப்பாள். லிஃப்ட்டுக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரோடு ஒரு கூட்டம். படிக்கட்டில் ஏறுகிறேன். முதல் மாடியில்தான் தெரிகிறது, ஆஸ்பத்திரி கவுனின் பின்பக்க முடிச்சு எனக்கு எட்டவே இல்லை, முதுகு மொத்தமும் திறந்து கிடக்கிறது, காலில் செருப்பும் இல்லை. எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நெஞ்சு வலிக்கிறது, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித் தொங்கி ஏறுகிறேன், இந்த உடம்பு இப்போது மட்டும் கொஞ்சம் ஒத்துழைக்கட்டும்.

மூணாவது மாடியில் ஐசியு கதவை உள்ளங்கையால் அடிக்கிறேன். ஒரு நர்ஸ் திறந்து, என்னம்மா இது, யாரு நீங்க என்கிறாள். "சகாயராணிக்கு வெள்ளை டிரிப் போடாதீங்க. அவங்க உடம்புல அந்த மருந்து இருக்கு. நான்தான் குடுத்தேன். ரெண்டு பேரும் மாத்திரையைக் கலந்து சாப்பிட்டோம். டாக்டர்கிட்ட சொல்லுங்க." நர்ஸின் முகம் மாறுகிறது. "இப்பதானே மாட்டிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடுகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. பக்கத்து பெஞ்சிலிருந்து ராணியக்காவின் புருஷன் வியாகுலம் அண்ணாச்சி எழுந்து வருகிறார். மூணு நாள் தாடி. என்னைப் பார்த்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முதுகில் போர்த்துகிறார். மூச்சு வாங்குகிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அண்ணாச்சி, நான்தான், மாத்திரையை நான்தான் பங்கு போடலாம்னு சொன்னேன், காலையிலேயே தெரியும், சொல்லாமப் போய் ஸ்கேன்ல படுத்துக்கிட்டேன், என்னை அடிங்க அண்ணாச்சி. அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். "மாத்திரை சங்கதி எனக்குத் தெரியும் டீச்சர். ஆட்டோவுல வரும்போதே சொல்லிட்டா. வலியில கெடந்து துடிக்கா, அப்பவும் என் கையில அடிச்சி சத்தியம் வாங்குதா. யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க, தெரிஞ்சா டீச்சருக்கு மருந்த நிறுத்திருவாங்க, அவங்க அப்பா போன மாதிரி அவங்களும் போயிருவாங்கன்னு. டிரிப் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது டீச்சர். நான் சத்தியத்த நெனச்சிக்கிட்டு சும்மா இருந்துட்டேன்." அவர் அழுகிறார். அவள் எனக்காகத்தான் வாயை மூடியிருக்கிறாள். நானும் எனக்காகத்தான் மூடியிருந்தேன். உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் கேட்கிறது, டாக்டரைக் கூப்பிடு என்று ஒரு குரல் கேட்கிறது, கதவு இன்னும் திறக்கவில்லை.